பாலத்தில் அழைக்காத பெயர்

ஒரு மகனின் விலை இருநூறு ஜெர்மன் மார்க். அடித்துப் பேசினால் நூற்று எழுபதுக்குப் படியும். டீசல் தனி.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் அதுதான் நிலவரம். போர் ஓய்ந்து ஒப்பந்தம் கையெழுத்தாகி, சரயேவோவைச் சுற்றி நம் செர்பிய சனம் இருந்த பேட்டைகள் எதிர்த்தரப்புக்குப் போவதென்று முடிவாயிற்று. சனம் கிளம்பியது. கட்டிலைக் கழற்றினார்கள், அடுப்பைத் தூக்கினார்கள், கதவை நிலையோடு பெயர்த்தார்கள். பிறகு கடப்பாரையோடு கல்லறைக்குப் போய், போரில் செத்த பிள்ளைகளையும் தோண்டி எடுத்தார்கள். லாரி வைத்திருந்தவன் ராஜா.

நம் மிலுதினுடைய சகலை கோய்கோ லாரி வைத்திருந்தான். இதோ, சாராயக் கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டு மிலுதின் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். கூட்டிச் சொன்னால் திருத்தட்டும்.

“நீ கூட்டாமச் சொன்ன கதை ஏது? சொல்லுய்யா.”

இரவு பதினொரு மணி. ரொமானியா மலைப்பாதை, அந்த நாடு இல்லை, சரயேவோவுக்குக் கிழக்கே நிற்கிற மலை... கூட்டமாகப் போன வண்டிகளெல்லாம் பகலிலேயே போய்விட்டன. முன்னால் பனி. பின்னால் பனி. நடுவில் கோய்கோவின் லாரி மட்டும் முனகிக்கொண்டு ஏறுகிறது. பக்கத்து இருக்கையில் ஸ்மில்யா, அறுபது வயது, கறுப்பு முக்காடு. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஓர் அடுப்பு, இரண்டு மெத்தை, ஒரு சவப்பெட்டி. அவளுடைய ஒரே மகன் வெலிமிர்.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது வேறு. சாயங்காலம் வெலிமிரின் குழியில் கோய்கோ கடப்பாரையைப் போட்டான். ணங்! தீப்பொறி பறந்தது. மண் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண். நாலு குழி தள்ளி ஒரு மேடு, போன இலையுதிர் காலத்தில் மூடியது, மண் பொலபொலவென்று. சிலுவையில் பெயர் இல்லை. அடையாளம் தெரியாதவர் என்பதற்குச் சுருக்கமாக இரண்டே எழுத்து. கேட்க ஆளில்லாத பிணம். ஸ்மில்யா கல்லறை வாசலில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தாள். ‘பெத்தவ பார்க்கக் கூடாது பெரியம்மா’ என்று இவன்தான் அங்கே உட்கார வைத்திருந்தான். பெயரில்லாதவனைத் தோண்டி ஏற்றினான். வெலிமிரின் சிலுவையைப் பிடுங்கி, பெட்டிமேல் வைத்துக் கட்டினான். எலும்பில் என்ன பெயரா எழுதியிருக்கிறது?

முதல் பாலம் வந்தது. சின்ன ஓடை, மரப்பாலம்.

“தம்பி, மெதுவாப் போ,” என்றாள் ஸ்மில்யா. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். “வெலிமிர்! பாலம் வருது. தண்ணியைத் தாண்டுறோம். கூடவே வா ராசா!”

“எதுக்கு பெரியம்மா இது?”

“செத்தவங்க தானாத் தண்ணியைத் தாண்ட மாட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும். இல்லேன்னா பின்தங்கிடுவாங்க. உங்க வீட்டுல பண்ணமாட்டீங்களா?”

“எங்க வீட்டுல யாரையும் இவ்வளவு தூரம் கொண்டுபோனதில்ல.”

பாலத்தின் பலகைகள் கடகடத்தன. அதோடு, பின்னாலிருந்து... டொக். டொக்.

அடுப்பு ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மலை இறங்கியதும் இரண்டாவது பாலம். ஸ்மில்யா மறுபடி தலையை நீட்டினாள். “வெலிமிர்! வந்துட்டியா? பாலம்!” மறுபடி அந்த இரண்டு தட்டு. இந்தத் தடவை தகரச் சத்தம் இல்லை. பலகையை உள்ளிருந்து விரல் முட்டி தட்டும் சத்தம்... கோய்கோ பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான்.

பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், பனியில், ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

நெட்டையான ஆள். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. லாரி போகிற வேகத்துக்கு, மூச்சு வாங்காமல். அந்தக் குளிரில் வாயிலிருந்து ஆவி வரவில்லை. கோய்கோ அழுத்தினான். அறுபது... எழுபது... ஆள் அதே தூரத்தில்.

“பெரியம்மா, உங்க மகன் நல்ல உயரமோ?”

“நிலைப்படியில இடிச்சுக்காம வீட்டுக்குள்ள நுழைஞ்சதில்ல. ஏன்?”

“சும்மா... பெட்டி நீளமா இருந்துது.”

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பார்க்கிறாளோ!

“அப்பவே வண்டியைத் திருப்பியிருக்கலாமில்ல?” என்கிறாயா மிலுதின்? திருப்பினால் அவனுக்கு நேராகப் போக வேண்டுமே!

கடைசியாகத் த்ரினா. பெரிய ஆறு, நீளப் பாலம். அக்கரையில் ஸ்மில்யாவின் அக்கா வீடு, புதுக் குழி எல்லாம் தயார். மணி நாலு. அவள் இந்த முறை கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, “வெலிமிர், இதுதான் கடைசி. ஏறிக்கோ,” என்றாள்.

கண்ணாடியில் ஆள் இல்லை. கோய்கோவுக்கு மூச்சு வந்தது... அரை நொடிக்கு. பூட்டிய கதவுகள் பூட்டியபடியே இருக்க, வண்டிக்குள் ஈரக் களிமண் நாற்றம். நனைந்த கம்பளி நாற்றம். ஸ்மில்யா மெல்லக் கதவோரமாக ஒதுங்கி, நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். இருக்கை ஸ்பிரிங் அமுங்கியது... க்ரீச். கோய்கோவின் வலது தொடை விறைத்துப்போனது. கியர் போடக் கை போகவில்லை. இரண்டாவது கியரிலேயே பாலம் முழுவதும் ஓட்டினான். பின்னால் பெட்டி மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே வந்தது.

விடிந்ததும் பாதிரியார் சாம்பிராணி காட்டினார். பெட்டி இறங்கியது. வெலிமிரின் சிலுவையை நட்டார்கள். ஸ்மில்யா ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள், குழியில் கொஞ்சம் சாராயம் ஊற்றினாள், கோய்கோவைத் தனியாகக் கூப்பிட்டு நூற்று எழுபது மார்க்கை எண்ணி வைத்தாள். வாங்கவில்லை என்று சொன்னால் கதைக்கு அழகு. ஆனால் வாங்கிக்கொண்டான்.

“என் பிள்ளை வந்து சேர்ந்துட்டான்,” என்றாள். “அந்தப் பெட்டியில கொண்டுவந்தியே, அவன் பேர் என்ன?”

கோய்கோ பணத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

“மூணு பாலம்ப்பா. அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கூப்பிடல. பெட்டிதான் இறங்குச்சு. அவன் இன்னும் உன் வண்டியிலதான் இருக்கான்.”

திரும்பும்போது லாரி காலி. த்ரினா பாலத்தில் ஏறியதும்... டொக். டொக்.

அந்த வாரமே லாரியை விற்றான். வாங்கியவன் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. கோய்கோ பஸ்ஸில் போனான். பாலம் வந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் தட்டியது. நடந்து போனான், கைப்பிடிக் கம்பியில் தட்டியது. பழைய கல்லறைக்கு ஆள் விட்டு விசாரித்தான். பெயரில்லாதவனை யார் புதைத்தார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அவன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறான். பாலத்தில் ஏறும்போது ஒரு பெயரைக் கூப்பிடுவான். தட்டு நின்றதா என்று காதைக் கொடுப்பான். வீட்டுக்கு வந்து எழுதுவான். இடப்பக்கம் பெயர், நடுவில் பாலம், வலப்பக்கம் வந்த பதில்.

போன ஞாயிறு நிலவரப்படி:

கூப்பிட்ட பெயர்கள், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

தாண்டிய பாலங்கள், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

இறங்கியவர், இல்லை.