சின்ன எஞ்சின் போதும்

லுவா ரொம்பச் சின்ன கம்ப்யூட்டர் மொழி, மேடம். ஒரு வாரம் உட்கார்ந்தால் நீங்களே எழுதிவிடலாம்.

காசிமேட்டில் திலீப் வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். புயலில் மாட்டிய படகோடு கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசி ஆளைக் காப்பாற்ற வேண்டும். விளையாட்டை ஓட்டுகிற மென்பொருளைத்தான் எஞ்சின் என்போம்; திலீப்புக்குப் பெரிய எஞ்சின்தான் ஆசை. அலை நிஜ அலையாகவே தெரியவேண்டுமாம். எங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. லுவாவில் எழுதுகிற சின்ன எஞ்சினை நான் எடுத்தேன்.

“இன்னாமே ரெஜினா, கடலே காட்டாம கடல் கேமா? மீனு கூட சிரிக்கும்.”

“காதுல கேட்டாப் போதும்டா” என்றேன்.

அப்புறம் குரல்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது, பாருங்கள். நடிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பதிவு செய்தோம். எல்லாரும் நாடகம் போட்டார்கள்.

திலீப்பின் அண்ணன் விமல் ஃபைபர் படகில் தனியாகப் போகிறவர். அவருக்காகவே மாடியில் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. அன்றைக்கு ஐஸ் வாங்கக் கிளம்பிய திலீப், “அண்ணன் கூப்ட்டா பட்டன அமுக்கி பதில் சொல்லு” என்றான். கடல் இரைச்சல் வேண்டுமே என்று செட்டுப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்தேன்.

விமல் கூப்பிட்டார். “கரைல யாரு? திலீபு, கப்பல் இட்ச்சிருச்சிடா. தண்ணி ஏறிகினு கீது. எண்ணூருக்கு நேர் கெயக்கால கீறேன்.”

அந்த செட்டில் நாம் பட்டனை அழுத்தினால் எதிராளி குரல் வராது. பதிவு அறுந்துபோகும். நான் அழுத்தவில்லை. விமல் கத்தவும் இல்லை, மேடம். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்து, பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். விளையாட்டை ஆடுகிறவர் பேச எங்களுக்கும் அவ்வளவு இடைவெளிதான் தேவை. வெட்டி ஒட்ட வேண்டியிருக்கவே இல்லை. கடைசியாக, “யாராச்சும் கீறீங்களா?” என்றார். பிறகு இரைச்சல்.

“அண்ணன் கூப்ட்டுச்சா?” என்று திலீப் வந்து கேட்டான். இல்லை என்றேன். தெரிந்தால் பதிவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வழக்கமாக அவர் வலை விடுகிற தெற்குப் பக்கமே எல்லாரும் தேடினார்கள்.

விமலின் காரியம் முடிந்து திலீப் வேலைக்குத் திரும்பிய அன்றே ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. “பட்டனை அமுக்குடா, அண்ணன் வந்துருவார்” என்றேன். அழுத்தினான். திரையில் படகு கரைக்கு வந்தது.

அவன்தான் என்னை இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துவந்தான். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பதில் கிடைத்தால் ஆள் பிழைக்கட்டும் என்று லுவாவில் எழுதியது நான்தானே, மேடம்.