வாய் வறட்சிக்கு ஒரு டானிக்

வாய் வறட்சிதான் டாக்டர், வேறு ஒன்றும் இல்லை. நாலு மாதமாக ஒவ்வொரு கவளம் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது. சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் பார்த்து நீங்களே சொல்லிவிட்டீர்கள். இப்போது மனதில் ஏதாவது டென்ஷன் உண்டா என்று கேட்கிறீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு என்ன டென்ஷன்? காலையில் நடை, மாலையில் பேப்பர். தூக்கம் நன்றாக வருகிறது.

அதுவும் டென்ஷன் என்பது முப்பத்தோரு வருஷம் நான் நடத்திய பாடம். வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்தான் சயின்ஸ் வாத்தியார். "கல்வராயன் மலையில் ஒரு கரடி உன்னைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள்" என்று ஆரம்பிப்பேன். நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வேர்க்கும். ரத்தம் காலுக்கு ஓடும். எச்சில் ஊறுவது நின்றுவிடும். உயிருக்கு ஓடுகிறவனுக்குச் சாப்பாட்டைச் செரிக்கிற வேலை அப்போது எதற்கு? கரடி வரவேண்டும் என்றுகூட இல்லை, வருகிறது என்று நம்பினாலே போதும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஊர் இளைஞர் மன்றத்தார் 'விஞ்ஞானச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். பட்டத்தை நான் கேட்கவில்லை. லெட்டர்பேடு மட்டும் அடித்துக்கொண்டேன்.

எண்பத்தாறாம் வருஷம், ஆடித் திருவிழா. எங்கள் மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு ஜோடிக் கண்மலர் உண்டு. கோயில் கூட்டிப் பெருக்குகிற சாலம்மாள்தான் வருஷா வருஷம் அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள். நான் கோயில் கமிட்டிச் செயலாளர். மனிதன் நிலாவுக்குப் போய்வந்த பிறகும் புளியா என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் கண்மலரைப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பளபளவென்று கொண்டுவந்து ஊரை அசத்துவதாக எண்ணம். ஒரு கிண்ணத்தில் அமிலம் ஊற்றி, அதில் போட்டுவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன். நான் படித்தது தாவரவியல். எந்த அமிலம் வெள்ளியைத் தின்னும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது கண்மலர் இல்லை. லேசாக நீலம் பாய்ந்த தண்ணீர்தான் இருந்தது. அம்மனின் இரண்டு கண்களையும் குழாயடியில் ஊற்றிவிட்டு விரலால் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

சொல்லியிருக்கலாம்தான். ஊர் ஒரு வாரம் சிரித்திருக்கும். ஆனால் "விஞ்ஞானச் செம்மலு சாமி கண்ணையே கரைச்சிட்டாரு" என்று டீக்கடையில் பேசுவார்களே, அதை நினைத்ததும் உள்ளங்கை வேர்த்தது. கண்மலரைக் காணவில்லை என்று நானே போய் அறிவித்தேன்.

மறுநாள் என் விரல்கள் கருத்துப்போயின. கரைந்த வெள்ளி தோலில் பட்டால் அப்படித்தான் ஆகும். சாலம்மாள் ஒருத்திதான் அதைக் கவனித்தாள்.

"இன்னா சார், வெரலெல்லாம் கருப்பா கீது? புளி போட்டுத் தேய்ங்க, போய்டும்."

அக்கறையாகத்தான் சொன்னாள். இன்று அக்கறையாகச் சொல்கிறவள் நாளை யோசித்துப் பார்ப்பாள் இல்லையா?

ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் அரிசி வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அம்மன் முன்னால் வைத்த பச்சரிசியில் ஒரு பிடி மென்று இலையில் துப்ப வேண்டும். யார் துப்பியது ஈரமில்லாமல் வருகிறதோ அவர் திருடர்.

"சார், சயின்ஸு இத ஒத்துக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓரளவு ஒத்துக்கொள்கிறது" என்றேன்.

"அப்ப உங்க கையாலேயே குடுங்க."

கோயில் சாவி புழங்கிய ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். நான் முதலில் மென்றேன். புளியை நினைத்துக்கொண்டேன், கஞ்சி மாதிரி வந்தது. சாலம்மாள் கையில் அரிசியைப் போடும்போது கொஞ்சம் குனிந்தேன்.

"காஞ்சி வந்தா ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போவாங்க சாலம்மா. உம் பொண்ணையும் சேத்துதான்" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வேறு எதுவும் செய்யவில்லை. கரடி என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் மென்றுகொண்டே இருந்தாள். துப்பியபோது உதட்டிலெல்லாம் மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, ஆத்தா காட்டிக் குடுத்துட்டா" என்றது கூட்டம். அப்போது அவள் மகள் இருசம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என் எட்டாம் வகுப்பு மாணவி.

"சார், பயந்தா எச்சி ஊறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கம்மா பயந்துக்கினு கீது சார். சொல்லுங்க சார், இவங்கள்ட்ட."

ஊரே என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பாடத்தை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளை என் சர்வீசிலேயே வேறு கிடையாது.

"அது பாடம் கண்ணு. இது சாமி காரியம்" என்றேன்.

அதன்பிறகு சாலம்மாளை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. ஸ்டேஷனுக்கும் யாரும் இட்டுப்போகவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் கோமுகி வாய்க்காலிலிருந்து அவளைத் தூக்கினார்கள். கள்ளக்குறிச்சிக்குப் போய் மாலை வாங்கிவந்தது நான்தான். விரலில் கருப்பு அப்போதும் முழுசாகப் போயிருக்கவில்லை. இருசம்மாளைத் தாய்மாமன் மலைக்குக் கூட்டிப்போய்விட்டான். அவளுடைய மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று என் கைப்பட எழுதி வைத்திருந்தேன். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் சின்னசேலம் பஸ்ஸில் இருசம்மாளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. மடியில் ஒரு மூட்டை. "நல்லா கீறீங்களா சார்? ஒக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். சின்னசேலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். அதற்கும் இந்த வறட்சிக்கும் சம்பந்தமில்லை. எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

வயசுக்குத்தான் இருக்கும். ஒரு டானிக் எழுதிக் கொடுங்கள், போதும். இன்று காலை சும்மா ஒரு சோதனைக்காக ஒரு பிடி பச்சரிசியை மென்று பார்த்தேன். காய்ந்த மாவாகத்தான் வந்தது. அதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள் டாக்டர். வாய் உலர்ந்தவர்கள் எல்லாம் குற்றவாளிகள் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.