காட்டுல இருந்ததச் சொல்லாத

“காட்டுல இருந்தேன்னு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிராத லா.”

ஈப்போ அரசாங்க கிளினிக்கில், காலை வரிசையில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னான். அந்தப் புழுக்கத்திலும் ஜாக்கெட் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

“ஏன் சொல்லக் கூடாது?”

“டுரியான் தோட்டம் போட்டிருக்கிறது காட்டு இலாகா நிலம். பெர்மிட் இல்ல. தெரிஞ்சா மொதலாளி தவுக்கே மாட்டுவாரு, என் வேலையும் போயிரும்.”

“டிங்கிக் காய்ச்சலுக்கு ரத்தம் பாத்து இல்லன்னுட்டாங்க. காட்டுல இருந்ததச் சொன்னாத்தானே மலேரியாவுக்குப் பாப்பாங்க?”

“மலேரியாவா? அதெல்லாம் ரப்பர் தோட்டக் காலத்தோட போச்சு.”

“சுவத்துல ஒட்டியிருக்கிறதப் படிங்க. குரங்கக் கடிச்ச கொசு நம்மளக் கடிச்சாலும் வருமாம். காட்டுல உங்க கொட்டாயச் சுத்திக் குரங்குதானே?”

“அது டுரியான் திங்க வருது. என்னப் பாக்கவா வருது?”

சிரித்தான். பல் தந்தியடித்தது. எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அந்தத் தவுக்கேயை இன்னும் பலமாக.

“நீங்க செத்தா தவுக்கேயா வந்து பிள்ளைங்களப் பாப்பாரு?”

அவன் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

நர்ஸ் மிஸ்ஸி அவன் பெயரைக் கூப்பிட்டாள். சமீபத்தில் காடு, மலைப் பக்கம் போனீர்களா என்று மலாயில் கேட்டாள்.

“இல்ல, வீட்லதான் இருந்தேன்.”

“பொய்,” என்று மனைவி எழுந்தாள். “மூணு வாரம் காட்டுலதான் படுத்திருந்தாரு. எந்த இடம்னு நானே சொல்றேன். மொதல்ல ரத்தத்த எடுங்க.”