பொங்கல் கழிச்சி வரேன்

அஞ்சு பேருங்க அன்னிக்கு எங்க ஊட்ல. நானு, எங்க ஊட்டுக்காரி அம்சவல்லி, பொண்ணு ரேணுகா, எதிரூட்டு சூர்யகலா, அவ புள்ள ஜெயசீலன். இந்த ஜெயசீலன்தாங்க... எம்பிஏ படிச்சிட்டு மூணு வருஷமா ஊட்லயே குந்தினுகிறான். ஆனா போன்ல கேரியர் கைடன்ஸ் வீடியோ போடறான்! இண்டர்வியூல எப்பிடி பேசறது, ஆபீஸ்ல எப்பிடி நடந்துக்கறது... டேய், நீ எந்த ஆபீஸ்டா பாத்த? ஒரு நாளு சம்பளம் கை நீட்டி வாங்கினியா?

அந்த ஜன்னல் ஷட்டர கொஞ்சம் எறக்குங்க சார், சாரல் அடிக்குது. ஆங்... எங்க உட்டேன்?

ரேணுகாவுக்கு பாண்டியில ஒரு ஆஸ்பத்திரில லேப் வேல. லெட்டரே வந்துடுச்சு. அக்டோபர் இருவது வந்து சேருன்னு. நம்ம கணக்குக்கு ஐப்பசி மூணு. இவன் வாங்கி பாத்துட்டு, "ரேணு, இப்பவே ஓகேன்னு மெயில் போட்டுடு"ன்றான். வந்துது பாருங்க எனக்கு கோவம்!

நாப்பத்தொரு வருஷம் சார்! செல்லப்பன்னா மரக்காணம் உப்பளத்துல தெரியாதவன் கெடையாது. ஐப்பசில எவனாச்சும் வேலைக்கு ஆள் சேப்பானா? மழ எறங்கினா பாத்தியெல்லாம் ஏரியாட்டம் நிக்கும். தை பொறந்து, தண்ணி வடிச்சி, பாத்திய மிதிச்சி சரி பண்ணாதான் ஆளே கூப்புடுவாங்க. "இப்ப சேந்தின்னா கார்த்திகைல ஊட்டுக்கு அனுப்பிடுவான். பொங்கல் கழிச்சி வரேன்னு எழுதும்மா"ன்னேன். அனுபவஸ்தன் சொன்னா கேக்கணுமில்ல? கேட்டா. எழுதிட்டா.

...ஒரே வரில பதில் வந்துதுங்க. வேற ஆள் பாத்துக்கறோம்னு.

ஆஸ்பத்திரிக்கு மழதான் சீசனாம் சார்! காய்ச்சல், டெங்கு, ரத்த டெஸ்டுன்னு கூட்டம் தாங்காதாம். இத அந்த ஜெயசீலன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? ...சொன்னான். சொல்லாம இல்ல. நாந்தான், "உன் வீடியோல பேசிக்கோடா, போ"ன்னுட்டேன்.

மூணு நாளா பொண்ணு எங்கூட பேசல. இன்னிக்கு காலைல ஆறு மணி பஸ்ஸுக்கு அவளே கெளம்பிட்டா, நேர்ல கேட்டு பாக்கறேன்னு. வாசல்ல நின்னு, "நைனா, நீ மட்டும் வந்துடாத"ன்னா. நான் அடுத்த பஸ்ஸ புடிச்சேன், ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும்தாங்க... அந்த மேனேஜர்கிட்ட எப்பிடி பேசணும்னு நாலு வார்த்த சொல்லிக் குடுக்கலாம்னு...

என்னா சார், எழுந்துட்டீங்க? இது கூனிமேடு! பாண்டிக்கில்ல டிக்கெட்டு எடுத்தீங்க? ...ஓ, முன்னாடி சீட்டுக்கா? சரி, போங்க, போங்க. ஒரு நிமிசம் எம்பொண்ணுக்காக வேண்டிக்கோங்க சார். அந்த லேப்ல மொத்தம் பன்னெண்டு எடமாம். பதினொண்ணு ரொம்பிடுச்சாம். பாக்கி ஒண்ணு.