ஈறு வளர்த்த மாத்திரை

மாத்திரை விஷயத்தில் என் வீட்டுக்காரர் குமரேசன் சின்னப் பிள்ளை மாதிரி, ஐயா. எது எதற்கு என்று கேட்கவே மாட்டார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாளிலிருந்து நாலு வருஷம் நான்தான் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வேளை தவறியதில்லை.

பிரஷர் மாத்திரையால் அவருக்கு ஈறு வளர்ந்து பாதிப் பல்லை மூடிவிட்டது. வாயில் நாற்றம், பல் தேய்த்தால் ரத்தம். நான் முகம் சுளித்ததில்லை, அவரும் கவலைப்பட்டதில்லை. போன தை மாதம் திடீரென்று பல் டாக்டரைப் பார்க்கணும் என்றார். முதல் தடவை மலைமேலிருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து தனியாக ஜீப் ஏறித் திருப்பத்தூர் போனார். அடுத்த தடவை நானும் போனேன். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, "போன தபா கூட வந்த புவனாக்கா வர்லீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். நாறுகிற வாய் எனக்கு, சுத்தமான வாய் அவளுக்கா?

டாக்டர் ஈறுகளைச் சுத்தம் செய்தார். இதய டாக்டரிடம் சொல்லிப் பிரஷர் மாத்திரையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மறுபடி வளரும் என்றார். "ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்கம்மா" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

இதய டாக்டரும் மாற்றித்தான் எழுதினார். புது மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டுப் பழையதையே கொடுத்து வந்தேன். மூன்று மாதத்தில் ஈறு பழையபடி ஏறிக்கொண்டது. "இன்னா டாக்டரு இவரு" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இனி அவள் கைகழுவி விடுவாள் என்று நினைத்தேன்.

ஆடியில் ஒரு நாள் துணிமணியை மடித்துப் பையில் வைத்தார். "என் வாயி எப்பிடி இருந்தாலும் பரவால்லன்னுது அது. நான் அங்கயே போய்ட்றேன், அன்பு" என்றார். சாமை விதைப்பு முடிந்ததும் போங்கள் என்றேன். சரி என்றார்.

அந்த மூன்று வாரமும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்குப் பதில் அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளன்று ஜீப் வரவில்லை என்று சொன்னேன். வால்வு அடைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும்போது, அந்த மூச்சுத் திணறலிலும் அவர் புவனாவைத் தேடவில்லை. "மாத்திரை குடு, அன்பு" என்று என்னைத்தான் கேட்டார். அப்போதும் சத்து மாத்திரைதான் கொடுத்தேன். பார்த்தீர்களா ஐயா, கடைசி வரைக்கும் அவர் என்னை விட்டுப் போகவே இல்லை.