ராமாமணி டன்

மேடையில் அமர்ந்திருக்கும் மாதர் சங்கத் தலைவி விமலாராணி டீச்சர் அவர்களே, செங்கல் சூளை பாலுசாமி அண்ணன் அவர்களே, நம்மை விட்டுப் போன ராமாமணி அக்காவின் மகன் சென்னிமலைத் தம்பி, இந்தக் கோயில் மண்டபம் கொள்ளாமல் வெளியிலும் நின்றுகொண்டிருக்கும் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் சாந்தாமணியின் வணக்கம்.

மாகாளியம்மனை நினைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. எழுதப் படிக்கத் தெரிந்ததெல்லாம் பிறகு நானாகக் கற்றுக்கொண்டது. அந்த எழுத்தை நம்பித் தன் காட்டில் விளைந்த புல்லின் எடையை நோட்டில் எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தவர் ராமாமணி அக்கா.

மழை தப்பிச் சோளம் கருகிப்போன இரண்டு ஏக்கரில், ஊரே சிரிக்க, யானைப்புல்லின் தண்டை வெட்டிய கரணைகளை ஊன்றியவர் ராமாமணி அக்கா. எதற்காக ஊன்றினார்? மாட்டுக்காகவா? இல்லை. அடுப்புக்கும் சூளைக்கும் எரிப்பதற்காக. விறகுக்காக மலையடிவாரம் போன நம் பெண்கள் யானைக்குப் பயந்து சுமையைப் போட்டுவிட்டு ஓடி வந்த நாட்களை அவர் மறக்கவே இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: "மரத்த வெட்டுனா மறுபடி வர இருவது வருசமாகுங்க. இது ரண்டு மாசத்துல நிக்கும். ஒருக்கா ஊனிப்போட்டா வருசா வருசம் உழுகற வேலையில்லீங்க."

பாலுசாமி அண்ணன் ஒரு சூளைக்கு மட்டும் புல்லை எரித்துப் பார்க்கிறேன் என்று தொண்ணூற்று மூன்றில் ஒப்புக்கொண்டார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பதினாறு டன் என்று நோட்டைப் பார்த்துச் சொன்னவள் நான். அறுத்த அன்றே, பச்சையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட நிறுத்து எழுதிய எடை அது. காய்ந்தால் நான்கில் ஒரு பங்குதான் தேறும் என்பது எனக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சூளையைப் பற்ற வைத்த பிறகு நாலு டன்னோடு புல் தீர்ந்துபோனது. பாதி வெந்த கல் கையில் உதிர்ந்தது. அண்ணன் கோபத்தோடு வந்து எடை எழுதியது யார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, அவள எதுக்குங்க கேக்கறீங்க? நாஞ் சொன்னதத்தான் அவ எழுதுனா. தப்பு என்னுதுங்க."

அன்றிலிருந்து இந்த ஊரில் கூட்டிச் சொல்லும் எடைக்கெல்லாம் ஒரு பேர் வந்தது. தேங்காய் வியாபாரியிடம் கேட்பார்கள்: "நெசமான டன்னுங்களா, ராமாமணி டன்னுங்களா?" அக்கா காது படவே சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன் ஐயா, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஏன் அக்கா பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு நாள் அழுதுவிட்டேன். "உன்ற ஊட்டுல தெரிஞ்சா நோட்டப் புடுங்கிப் போடுவாங்க அம்மணி. அப்பறம் எனக்கு ஆரு எழுதறது?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை.

ஆனைமலை மாசாணியம்மனிடம் போனேன். அநியாயம் பட்டவர்கள் அங்கே மிளகாய் அரைத்து நீதி கேட்பார்கள். அநியாயம் செய்தவள் எதை அரைப்பாள்? கும்பிடக்கூடக் கை எழாமல் திரும்பி வந்தேன்.

அந்தப் பிழைக்குப் பிறகு அக்கா ஒரு வழக்கம் வைத்தார். அறுத்த அன்று ஒரு எடை. நன்றாகக் காய்ந்து, தண்டை ஒடித்தால் சடக்கென்று சத்தம் கேட்ட பிறகு இன்னொரு எடை. இரண்டாவதைத்தான் வெளியில் சொல்லலாம். பாலுசாமி அண்ணனே மறு வருடம் திரும்பி வந்தார். இந்த ஐந்து வருடத்தில் ஒரு சூளையாவது பாதியில் நின்றதா? அண்ணன் இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னிமலைத் தம்பி, நகரத்தில் கணபதிப் பகுதியில் நடத்தும் பட்டறையை மூடிவிட்டு அம்மாவுக்குக் கொள்ளி வைக்க ஓடி வந்தாய். திங்கட்கிழமை டிராக்டர் விட்டு அந்தப் புல்லை வேரோடு உழப் போவதாகச் சொன்னாய். "எங்கம்மாவக் கேலிப்பொருளாக்குன புல்லு எனக்கு வேண்டாமுங்க" என்றாய். உன் வேதனை நியாயம், கண்ணு. ஆனால் உன் அம்மாவைக் கேலிப்பொருளாக்கியது புல் அல்ல. நான். ஐந்து வருடம் வாய்மூடி இருந்தேன். இன்று உன் முன்னாலும், இந்த ஊர் முன்னாலும், அம்மன் முன்னாலும் சொல்லிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் விருப்பம்.

இதோ அந்த நோட்டு. பதினாறு டன் என்று எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. நீயே பார்.

சங்கத்துப் பெண்கள் பதினோரு பேர் வாக்குக் கொடுக்கிறோம். நீ சரி என்றால், திங்கட்கிழமை விடியும்போது அரிவாளோடு காட்டில் நிற்போம். தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும் புல்லை அறுத்துக் காயப் போடுவோம். வேர் இருக்கட்டும் தம்பி. அந்த வேர் உன் அம்மா ஊன்றியது.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் யாராவது எடையைக் கூட்டிச் சொன்னால், அதைச் சாந்தாமணி டன் என்று சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ராமாமணி டன் என்றால், காய்ந்த பிறகு இரண்டாம் முறை நிறுத்த டன்.