மாடி அறை விளக்கு

புது வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று பழக யாருக்கும் கொஞ்ச நாள் ஆகும். 2006இல் லாஸ்பேட்டையில் நாங்கள் வாங்கிய வீட்டில் விளக்குகள் தம் இஷ்டத்துக்கு எரிந்தன. முன்பு அங்கே இருந்த தேவதாஸ் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து வீட்டு மின்கம்பிகளோடு இணைத்திருந்தார். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் பாரீசுக்குப் போகும் அவசரத்தில் ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்து, "பழகிடும் தம்பி" என்றார். பொத்தான்களின் மேல் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தது.

என் மனைவி ஹேமலதாவுக்கு அது பிடிக்கவில்லை. "இது நம்ம வூடா, அந்த ஆள் வூடா?" என்பாள். குடிவந்த மழைக்காலத்திலேயே மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

காரியத்துக்காக அவள் அம்மா பார்வதி பாகூரிலிருந்து வந்திருந்தார். கருமாதிக்கு மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. அதுவரை வீடு நிறைய ஆட்கள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. எல்லாரும் போன சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், மாடியில் ஹேமாவின் அறை விளக்கு தானாக எரிந்தது. தேவதாஸ் அப்படி அமைத்திருந்தார், அவ்வளவுதான். முட்டிவலியால் அத்தை மாடி ஏறுவதில்லை. படியடியில் நின்று, கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, எம்பொண்ணு வெளக்கு வச்சிட்டா. அவ இன்னும் போவல."

நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாள் பஸ் ஏறியிருப்பார்.

"கண்ணு, நான் ஊருக்குப் போவட்டுமா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டார்.

ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது. விளக்கு அணைந்தது. அத்தை தங்கிவிட்டார்.

அதன் பிறகுதான் கருவியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். எரிந்தால் சரி, அணைந்தால் வேண்டாம் என்பது அத்தை தாமே ஏற்படுத்திக்கொண்டது. சாம்பாருக்கு முருங்கைக்காய் போடட்டுமா என்றுகூடக் கேட்பார். ஹேமா எதைச் சொல்லியிருப்பாளோ அதையே சொன்னேன். அதில் நான் நேர்மையாக இருந்தேன். பகலில் பதில் வராது. பெண் தூங்குகிறாள் என்பார். நானும் எங்கும் தங்க முடியாது. இருட்டுவதற்குள் ஆபீசிலிருந்து வீடு திரும்பிவிட வேண்டும்.

தை மாதம் நெஞ்சு அடைக்கிறது என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேர்த்து, பிறகு தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாக அத்தையின் மகன் வெற்றிவேல் ஆட்டோவோடு வந்தான். தட்டாஞ்சாவடியில் கம்பெனி வேலை அவனுக்கு. நான் வீடு திரும்பியபோது அத்தை பையோடு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு.

"ஹேமா போவச் சொல்லிட்டா மாப்ளே. பட்டப்பகல்லயே சொன்னா."

"கரண்ட் போய் வந்துது மாமா, எல்லா லைட்டும் எரிஞ்சிது" என்றான் வெற்றிவேல். "அதுக்கப்புறம்தான் கெளம்புச்சி. கரண்டு ஆபீஸ்காரனுக்குத்தான் மாலை போடணும்."

"இருடா, சொல்லிட்டு வரேன்" என்று அத்தை படியடிக்குப் போனார். "வரேன் கண்ணு."

நான் பொத்தானை அழுத்தினேன். அத்தை பையைக் கீழே வைத்தார்.

"எம்மா, பல்பு அணைஞ்சா ஆஸ்பத்திரி வேணாமா? மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அத்தை இஷ்டம்" என்றேன்.

"அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதுடி. போவட்டுமா?" அத்தை மறுபடியும் கேட்டார்.

ஒரு பொத்தான்தான். நான் அழுத்தவில்லை. மாடி இருட்டாகவே இருந்தது.

வெற்றிவேல் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "காலைல வந்து தூக்கிக்கினாவது போவேன்" என்று வெறும் ஆட்டோவில் திரும்பினான். அவன் வந்தபோது அத்தை உயிரோடு இல்லை. முந்தின நாளே சேர்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ரிமோட்டை என் பையிலிருந்து எடுத்தது வெற்றிவேல்தான்.

வலி முற்றியபோதும் அத்தை என்னைக் கேட்கவில்லை. மாடியைப் பார்த்தே கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் இன்னொரு கை சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஹேமா இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அவரை அடைத்துவைத்திருந்தேன் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள். வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.